'தட்' எந்த வகைச் சொல்? கேள்வியே தப்பு!

பள்ளியில் ஆங்கில இலக்கணம் என்றால் எங்களுக்கு ஒரு மதிப்பெண் கேள்வி ஒன்று கட்டாயம் இருக்கும். ஒரு சொல்லைக் கொடுத்து, இது எந்த 'பார்ட் ஆஃப் ஸ்பீச்' என்று கேட்பார்கள். 'டேபிள்' என்றால் நவுன். 'ரன்' என்றால் வெர்ப். (கிரிக்கெட் பார்க்கிற எவனுக்கும் 'ரன்' நவுன் என்றும் தெரியும். ஆனால் அப்படி எழுதினால் மதிப்பெண் கிடையாது!) 'தட்' என்று கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு 'டிமான்ஸ்ட்ரேட்டிவ் புரோநவுன்' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

என்னைக் கேட்டால் பதில் தப்பு என்பதைவிட, கேள்வியே தப்பு. வாக்கியத்தைக் காட்டாமல் 'தட்' எந்த வகைச் சொல் என்று கேட்பது, ஒருவரைக் காட்டி "இவர் மாமாவா, சித்தப்பாவா?" என்று கேட்பது மாதிரி. யாருக்கு என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்? ஒருத்தருக்கு மாமாவாக இருக்கிறவரே இன்னொருத்தருக்குச் சித்தப்பா, வேறொருத்தருக்கு மகன். ஆள் மாறவில்லை, உறவுதான் மாறுகிறது.

இந்தக் கட்டுரையில் ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதப் போகிறேன். 'திஸ்', 'தட்', அவற்றின் பன்மையான 'தீஸ்', 'தோஸ்' ஆகிய நாலு பேரும்தான் கதாநாயகர்கள். அதிலும் 'தட்' தான் சூப்பர் ஸ்டார். கீழே உள்ள வாக்கியத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

'தட் இஸ் த மேன் தட் செட் தட் தட் ஹவுஸ் வாஸ் நாட் தட் பிக்.'

ஐந்து 'தட்'. விளையாட்டுக்காக நான் கட்டிய வாக்கியம்தான், ஆனால் இலக்கணப்படி இதில் ஒரு குறையும் இல்லை. இதையே தமிழில் சொல்லுங்கள்: "அந்த வீடு அவ்வளவு பெரியதில்லை என்று சொன்ன ஆள் அவர்தான்."

இப்போது எண்ணிப் பாருங்கள். முதல் 'தட்' தமிழில் 'அவர்' ஆகிவிட்டது. இரண்டாவது 'தட்' தனிச் சொல்லாகவே வரவில்லை, 'சொன்ன' என்ற பெயரெச்சத்துக்குள் கரைந்துவிட்டது. மூன்றாவது 'என்று'. நாலாவது 'அந்த'. ஐந்தாவது 'அவ்வளவு'. ஆங்கிலத்தில் ஒரே ஆள் ஐந்து வேஷம் போட்ட இடத்தில் தமிழில் ஐந்து தனித்தனி ஆட்கள் வந்து நிற்கிறார்கள்.

நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். 'தட்' ஒரு வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க தமிழ்ப் பையனுக்கு எந்த இலக்கணப் புத்தகமும் தேவையில்லை. அந்த இடத்தில் தமிழில் என்ன வரும் என்று பார்த்தால் போதும். 'அது, அவர், அவை' வந்தால் அது பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக நிற்கிற புரோநவுன். 'அந்த' வந்தால் பின்னால் வரும் பெயரைச் சுட்டுகிறது. பள்ளியில் அதை டிமான்ஸ்ட்ரேட்டிவ் அட்ஜெக்டிவ் என்பார்கள். 'அவ்வளவு' வந்தால் அட்வெர்ப். 'என்று' வந்தால் கன்ஜங்ஷன். பெயரெச்சமாக மாறிவிட்டால் ரிலேட்டிவ் புரோநவுன். இதை ஐந்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால் சொல்லித் தருவதில்லை. காரணம், நான் பார்த்த ஆங்கில வகுப்புகளில் தமிழில் பேசுவதே குற்றம். சில இடங்களில் அபராதம் வேறு! பையன் கையில் இருக்கிற நல்ல அளவுகோலைப் பிடுங்கி வைத்துவிட்டு, "அளந்து சொல்லுடா" என்கிறோம்.

இது வெறும் ஒரு மதிப்பெண் சமாச்சாரம் என்றால் நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்து ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பாருங்கள். கணக்குப் புத்தகத்தில் 'இட் கேன் பி ஷோன் தட் தோஸ் பாயின்ட்ஸ் தட் லை ஆன் தட் லைன்...' என்று ஒரு வாக்கியம் ஆரம்பிக்கும். சொல் எல்லாம் தெரிந்த சொல்தான், அகராதியே வேண்டாம். ஆனால் 'தட்' என்றால் 'அது' என்று ஆறாம் வகுப்பில் மனதில் பதிந்துவிட்டது அல்லவா? "காட்டலாம் அது அவை புள்ளிகள் அது கிடக்கின்றன அது கோடு" என்று மண்டைக்குள் ஓடும். மூன்று தடவை படித்தும் ஓடாது. கடைசியில் "நமக்கு இங்கிலீஷ் வராதுப்பா" என்று மூடி வைத்துவிடுவார்கள். "அந்தக் கோட்டின் மேல் இருக்கும் அந்தப் புள்ளிகள் இப்படி இப்படி என்று காட்டலாம்" என்று அவர்களே அழகாகச் சொல்லக்கூடிய விஷயம் அது. வராதது இங்கிலீஷ் இல்லை. நாலு எழுத்துச் சொல் ஒன்றுக்கு ஒரே அர்த்தம்தான் என்று யாரோ சொன்னதை நம்பியதுதான் பிரச்சினை.

வேடிக்கை என்னவென்றால், நம் ஊரில் இலக்கண வேதமாக வைத்துக் கும்பிடுகிற ரென் அண்டு மார்ட்டின் புத்தகமே இதைத்தான் சொல்கிறது. வாக்கியத்தில் செய்கிற வேலையை வைத்துத்தான் சொற்களை வகை பிரிக்கிறோம், அதனால் வாக்கியத்தில் பார்க்காமல் ஒரு சொல் எந்த வகை என்று சொல்ல முடியாது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஒரே சொல் பல வகையாக வருவதற்கு ஒரு பட்டியலே கொடுத்து, அதில் 'தட்' டையும் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைத் தாண்டிப் பயிற்சிக்குப் போய்விடுவதுதான் நம் வழக்கம்.

காதால் கண்டுபிடிக்கவும் ஒரு வழி இருக்கிறது. சுட்டிக் காட்டுகிற 'தட்' டை ஆங்கிலேயர்கள் வாயைத் திறந்து, கிட்டத்தட்ட 'தேட்' என்று அழுத்திச் சொல்வார்கள். 'என்று' என்ற பொருளில் வரும் 'தட்', பெயரெச்சமாக மாறும் 'தட்' இரண்டும் பாதி விழுங்கப்பட்டு வரும். முன்னே சொன்ன ஐந்து 'தட்' வாக்கியத்தில் ஒன்று, நாலு, ஐந்து மூன்றும் அழுத்தம். இரண்டும் மூன்றும் விழுங்கல். எழுத்தில்தான் இந்த வித்தியாசம் காணாமல் போகிறது. 'ஹி சேஸ் தட் மில்க் இஸ் குட் ஃபார் சில்ட்ரன்' என்று எழுதிக் காட்டினால் இரண்டு அர்த்தம் வரும். 'பால் குழந்தைகளுக்கு நல்லது என்கிறார்' என்பது ஒன்று. 'அந்தப் பால் குழந்தைகளுக்கு நல்லது என்கிறார்' என்பது இன்னொன்று. பால் விற்கிறவர் சொன்னதா, டாக்டர் சொன்னதா என்பதைப் பொறுத்து விஷயமே வேறு! வாயால் சொன்னால் ஒரு நொடியில் தெளிந்துவிடும்.

அடுத்து, 'டிமான்ஸ்ட்ரேட்டிவ் அட்ஜெக்டிவ்' என்ற பெயர். பள்ளியில் இன்னும் இதே பெயர்தான். எனக்கு இதில் உடன்பாடில்லை. 'பிக்' ஓர் அட்ஜெக்டிவ். 'வெரி பிக்' என்கிறோம், 'பிக்கர்' என்கிறோம், 'த ஹவுஸ் இஸ் பிக்' என்று கடைசியிலும் வைக்கிறோம். 'திஸ்' என்ற சொல்லை இதில் எதாவது ஒன்று செய்ய வைக்க முடியுமா? 'வெரி திஸ்' உண்டா? கிடையாது. 'திஸ்' உண்மையில் 'த', 'எ', 'மை', 'யுவர்' இவர்களோடு ஒரே பெஞ்சில் உட்காருகிற ஆள். இந்தக் கூட்டத்துக்கு இப்போதைய இலக்கண நூல்கள் 'டிடெர்மைனர்' என்று பெயர் வைத்திருக்கின்றன. ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இவர்களில் ஒருவருக்குத்தான் இடம். இரண்டு பேர் உட்கார முடியாது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. தமிழில் 'என்னுடைய இந்தப் புத்தகம்' என்று தாராளமாகச் சொல்கிறோம். அதை அப்படியே கொண்டுபோய் 'திஸ் மை புக்' என்று எழுதிவிடுகிறோம். ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கிறார், ஏன் என்று சொல்வதில்லை. அட்ஜெக்டிவ் என்று சொல்லிக் கொடுத்தால் பையன் என்ன நினைப்பான்? 'மை பிக் புக்' சரி என்றால் 'திஸ் மை புக்' ஏன் சரியில்லை? நியாயமான சந்தேகம்தானே! ஒரு நாற்காலியில் ஒருவர்தான் என்று சொல்லிவிட்டால் 'திஸ் புக் ஆஃப் மைன்' என்று ஏன் சுற்றி வளைக்கிறார்கள் என்பது புரிந்துவிடும்.

இன்னொன்று, தமிழ் இங்கே நம் காலை வாரிவிடுகிற இடம். 'இந்த' மாறவே மாறாது. இந்தப் பையன், இந்தப் பையன்கள், இந்த ஊர், இந்த ஊர்கள். அதனால்தான் நம் கை தானாக 'திஸ் புக்ஸ்' என்று எழுதுகிறது. ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் வருகிற மற்ற சொற்களும் பெரும்பாலும் மாறுவதில்லை; 'பிக் ஹவுஸ்', 'பிக் ஹவுசஸ்', 'த ஹவுஸ்', 'த ஹவுசஸ்'. பன்மைக்கு என்று உருவம் மாற்றிக்கொள்வது இந்த 'திஸ்', 'தட்' ஜோடி. அந்த வகையில் தனிப்பிறவிகள்.

புரோநவுனாக நிற்கும்போது இன்னொரு விநோதம். 'திஸ் இஸ் மை பிரதர்' என்று அண்ணனை அறிமுகப்படுத்தலாம். ஆனால் 'ஐ மெட் திஸ் யெஸ்டர்டே' என்று ஆளைக் குறித்துச் சொன்னால் காமெடி ஆகிவிடும், ஏதோ சாமானைச் சந்தித்த மாதிரி. ஒருமையில் அறிமுகம் செய்யும்போதும் அடையாளம் கேட்கும்போதும் மட்டும்தான் மனிதர்களுக்கு 'திஸ்', 'தட்' பொருந்தும். பன்மையில் 'தோஸ் ஹூ' என்று தாராளமாக ஆட்களைச் சொல்லலாம். அடையாளம் கேட்பதிலும் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. தொலைபேசியில் எதிர்முனையில் இருப்பவர் யார் என்று கேட்க பிரிட்டன்காரர்கள் பொதுவாக 'ஹூ இஸ் தட்?' என்பார்கள், அமெரிக்கர்கள் 'ஹூ இஸ் திஸ்?' என்பார்கள். ஒருவருக்கு லைனில் இருப்பவர் தூரம், இன்னொருவருக்குப் பக்கம்!

இத்தனை வேலை இந்த ஒரு சொல்லுக்கு எப்படி வந்தது? பழைய ஆங்கிலத்தில், அதாவது ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், சுட்டுச் சொல்லுக்கு மூன்று பால் இருந்தது. ஆண்பால் 'ஸே', பெண்பால் 'ஸேயோ', இவை இரண்டும் அல்லாததற்கு 'தேட்'. நம் அவன், அவள், அது மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் நம்மைப் போல அறிவோடு பிரித்ததில்லை. பெண் என்று பொருள்படும் ஒரு சொல்லே அங்கே 'தேட்' வகையில்தான் இருந்தது. பிறகு பால் வித்தியாசம் எல்லாம் தேய்ந்து போனது. ஆண்பால் வடிவத்திலிருந்து இன்றைய 'த', மூன்றாவதிலிருந்து இன்றைய 'தட்'. ஆக, 'த' வும் 'தட்' டும் கூடப் பிறந்தவர்கள். இதைவிட ஆச்சரியம், இன்று 'அவை' என்று பொருள் தரும் 'தோஸ்' அந்தக் காலத்தில் 'திஸ்' ஸின் பன்மை. 'இவை' யாக இருந்த சொல் 'அவை' ஆகிவிட்டது! 'தீஸ்' பின்னால் வந்து காலி இடத்தைப் பிடித்துக்கொண்டது.

'என்று' வேலை எப்படி வந்தது என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் சுவாரசியமானது. "எனக்கு அது தெரியும்: அவன் வந்தான்" என்று இரண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதல் துண்டின் கடைசியில் இருந்த 'அது' மெல்ல நழுவி இரண்டாவது துண்டின் முதலில் ஒட்டிக்கொண்டது. சுட்டுவதை விட்டுவிட்டு இணைக்க ஆரம்பித்துவிட்டது. நம் 'என்று' வேறு வழியில் வந்தது. 'என்' என்றால் சொல். 'என்று' என்றால் சொல்லி. ஆங்கிலேயன் சுட்டு விரலை இணைப்புக் கயிறாக்கினான், நாம் பேச்சையே கயிறாக்கினோம்.

ஜெர்மன் மொழியிலும் இதே கதை நடந்திருக்கிறது. அங்கே இரண்டு வேலைக்கும் உச்சரிப்பு ஒன்று, எழுத்து மட்டும் வேறு: 'அது' என்றால் கடைசியில் ஒரு எஸ், 'என்று' என்றால் இரண்டு எஸ். (1996 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் இரண்டு எஸ்ஸுக்குப் பதில் வேறொரு தனி எழுத்து போட்டார்கள்.) ஜெர்மன் பிள்ளைகள் இதில் தடுமாறுவது பிரசித்தம். அங்கே ஆசிரியர்கள் என்ன சொல்லித் தருகிறார்கள் தெரியுமா? அந்த இடத்தில் 'இது', 'அது', 'எது' என்று பொருள் தரும் வேறு ஜெர்மன் சொல்லைப் போட்டுப் பார், பொருந்தினால் ஒரு எஸ். மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் அங்கும் வைத்தியம். நமக்கு அந்த வசதி தாய்மொழியாகவே வீட்டில் இருக்கிறது.

தமிழ் மட்டும் சுத்தமோ என்றால் அதுவும் இல்லை. "அது வந்து..." என்று இழுக்கும்போது அந்த 'அது' எதைச் சுட்டுகிறது? எதையும் இல்லை, யோசிக்க நேரம் வாங்குகிறது. "இந்தா பிடி" யில் வருகிற 'இந்தா' வை எந்த வகையில் சேர்ப்பது? தொல்காப்பியம் அ, இ, உ மூன்றையும் சுட்டு என்கிறது. அதில் 'உ' தமிழ்நாட்டில் பேச்சிலிருந்து போய்விட்டது, யாழ்ப்பாணத்தில் 'உது', 'உவர்', 'உந்த' என்று உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்துக்கும் 'யான்' என்ற மூன்றாவது சுட்டு இருந்தது. அது ஸ்காட்லாந்துப் பக்கம் ஒதுங்கிவிட்டது.

கடைசியாக ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது. 'த மேன் தட் கேம்' இல் வருகிற 'தட்' டை ரிலேட்டிவ் புரோநவுன் என்று நாம் எழுதுகிறோமே, அது உண்மையிலேயே புரோநவுனா? இந்தச் சொல்லை வைத்துச் சண்டை போடுவது புதுசில்லை. 1711-ல் லண்டனில் வெளிவந்த 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையில் 'ஹூ', 'விச்' இரண்டும் சேர்ந்து, 'தட்' தங்கள் இடத்தைப் பறித்துவிட்டான் என்று மனு போடுவதாக ரிச்சர்ட் ஸ்டீல் கிண்டலாக எழுதினார். இரண்டு இதழ் கழித்து 'தட்' டின் மறுப்பும் வந்தது. சரித்திரப்படி பார்த்தால் மனு தள்ளுபடி ஆக வேண்டியது; அந்த வேலையில் 'தட்' தான் சீனியர், 'ஹூ' வும் 'விச்' சும் கேள்விச் சொல்லாக இருந்து பின்னால் வந்து சேர்ந்தவர்கள்.

டென்மார்க்கைச் சேர்ந்த மொழியறிஞர் யெஸ்பர்சன், இந்த 'தட்' புரோநவுனே இல்லை, 'என்று' வேலை செய்கிற அதே இணைப்புச் சொல்தான் என்று வாதிட்டார். 2002-ல் ஹடில்ஸ்டனும் புல்லமும் கேம்பிரிட்ஜுக்காக எழுதிய பெரிய இலக்கண நூலும் அந்தப் பக்கமே நிற்கிறது. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. 'த ஹவுஸ் இன் விச் ஐ லிவ்' என்கிறோம், 'இன் தட் ஐ லிவ்' என்று சொல்ல முடியாது. 'ஹூ' வுக்கு 'ஹூஸ்' இருக்கிறது, இதற்கு அப்படி ஒன்று ஊர்ஜிதமாக இல்லை. புரோநவுன் 'தட்' பன்மையில் 'தோஸ்' ஆகும்; இது 'த மென் தட் கேம்' என்று பன்மையிலும் அசையாமல் நிற்கிறது. உச்சரிப்பும் 'என்று' வகையின் விழுங்கல் உச்சரிப்பே. தமிழ்ச் சோதனையும் ஒத்துப் போகிறது, 'வந்த ஆள்' என்பதில் எந்தப் பெயரும் இல்லை பாருங்கள். ஆனாலும் தேர்வில் ரிலேட்டிவ் புரோநவுன் என்றே எழுதுங்கள். திருத்துகிறவர் யெஸ்பர்சன் இல்லை.

இன்னும் ஒரு வேலை பாடப்புத்தகத்தில் ஏறவே இல்லை. ஆங்கிலத்தில் நண்பர்களுக்குள் கதை சொல்லும்போது 'தேர் வாஸ் திஸ் மேன்...' என்று ஆரம்பிப்பார்கள். எந்த ஆள்? இதுவரை பேச்சிலேயே வராத ஆள். பக்கத்தில் யாரும் நிற்கவும் இல்லை. தமிழ்ச் சோதனையைப் போட்டுப் பாருங்கள். 'இந்த ஆள் இருந்தான்' பொருந்தாது. 'ஒரு ஆள் இருந்தான்' என்றால் கச்சிதமாக உட்காருகிறது. அதாவது 'திஸ்' இப்போது 'எ' வின் நாற்காலியிலும் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. உங்கள் ஆங்கில ஆசிரியரிடம் இந்த வாக்கியத்தை எழுதிக் காட்டி, இது டிமான்ஸ்ட்ரேட்டிவா என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் சொல்லுங்கள்.